சொல்லாமல் விட்ட குற்றம்

பிரசவ அறையிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டும்போது, வீட்டுப் பெரியவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது விரல்களைத்தான். கையில் பத்து, காலில் பத்து என்று கணக்குச் சரியாக இருந்துவிட்டால் மனம் ஆறிவிடுகிறது. எண்ணிக்கை குறையாத கையிலும் குறை இருக்கக்கூடும். விரல்கள் நுனிக்கு வரவரக் கூம்பிச் சிறுத்திருக்கும். சுண்டுவிரலில் நகம் ஒரு கீற்றாக மட்டும் தெரியும். சில குழந்தைகளுக்கு நகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான தோல் மட்டுமே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் விரலின் கடைசி எலும்பு குன்றியிருப்பது தெரியும். பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. நகம் போகப் போக வளர்ந்துவிடும் என்ற ஆறுதலோடு குழந்தை வீட்டுக்குப் போகிறது.

பல குழந்தைகளுக்கு அது வளரவும் செய்கிறது. ஆகவே நகத்தைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் இந்தத் தலையங்கத்துக்கே அவசியமில்லை. தாய் உட்கொண்ட ஒரு மருந்து கருவைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அந்த நகம் கண்ணுக்குத் தெரியும் சாட்சி. விரல் நுனியைத் தொட்ட மருந்து இதயத்தையோ, மேலண்ணத்தையோ, வளர்ந்துகொண்டிருந்த மூளையையோ தொடாமல் விட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த ஆபத்து அறிவியலுக்குத் தெரிந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மருந்தை விழுங்கும் பெண்ணுக்கு மட்டும் அது பல இடங்களில் இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை என்பதே காரணம். இதை நாம் கவனக்குறைவு என்று எழுதி முடித்துக்கொள்ளத் தயாராக இல்லை.

வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் ஃபெனிடாயின் 1938-இல் ஹூஸ்டன் மெரிட், டிரேசி புட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்களின் ஆய்வால் புழக்கத்துக்கு வந்தது. ஆளை மயக்கத்திலேயே வைத்திருக்காமல் வலிப்பை அடக்கும் மருந்து என்ற பெருமை அதற்கு உண்டு. கோடிக்கணக்கானோருக்கு அது வாழ்வு தந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் எப்டாயின் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1968-இல் வலிப்பு மருந்து உட்கொண்ட தாய்மாருக்குப் பிளவுற்ற உதடோடு குழந்தைகள் பிறப்பதை ராய் மெடோ என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லான்செட் இதழுக்கு எழுதினார். 1975-இல் ஜேம்ஸ் ஹான்சன், டேவிட் ஸ்மித் என்ற இருவர் இந்தக் குழந்தைகளிடம் காணப்படும் குறைகளைத் தொகுத்து, ஃபெனிடாயின் சேர்ந்த மருந்து வகையின் பெயராலேயே அதற்குப் பெயரிட்டனர். கருவிலேயே குன்றிய வளர்ச்சி, அகன்று தட்டையான மூக்குப் பாலம், குறுகிய விரல் நுனி, இல்லாத நகம், சிலரிடம் அறிவு வளர்ச்சியில் தாமதம் என்று அந்தப் பட்டியல் நீண்டது.

நோயைச் சாக்காக வைத்து மருந்தைக் காப்பாற்றும் வாதம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. தாய்க்கு வலிப்பு இருந்ததே, குழந்தைக்குக் குறை வர அதுவே காரணமாக இருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை 2001-இல் வந்தது. பாஸ்டன் வட்டார மகப்பேறு மருத்துவமனைகளில் லூயிஸ் ஹோம்ஸ் குழுவினர் 1,28,049 கர்ப்பிணிகளை விசாரித்துப் பிரித்தெடுத்தனர். வலிப்பு மருந்து ஒன்றை மட்டும் உட்கொண்டவர்களின் குழந்தைகளில் 20.6 சதவீதத்தினரிடம் பெரிய உறுப்புக் குறைபாடு, வளர்ச்சிக் குறைவு, முகத்தின் நடுப்பகுதியோ விரல்களோ குன்றியிருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் என்றால் 28 சதவீதம். நோயும் மருந்தும் இல்லாத தாய்மாரின் குழந்தைகளில் 8.5 சதவீதம். வலிப்பு இருந்தும் கர்ப்ப காலத்தில் மருந்து உட்கொள்ளாத தாய்மாரின் குழந்தைகளிடம் அந்த 8.5-ஐத் தாண்டிய உயர்வு ஏதும் காணப்படவில்லை. நோயின் மீது சுமத்தப்பட்ட பழி அன்றோடு விழுந்தது.

ஃபெனிடாயினைவிடக் கடுமையான ஆபத்து அதற்குப் பின் வந்த சோடியம் வால்ப்ரோயேட்டில் இருக்கிறது. வலிப்புக்கு மட்டுமன்றி மனநலச் சிகிச்சையிலும் ஒற்றைத் தலைவலிக்கும் அது எழுதப்படுகிறது. பல நாட்டு மருத்துவர்கள் கூடி நடத்தும் யூராப் பதிவேடு 2018-இல் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் போதும். கருக்காலத்தில் தாய் உட்கொண்ட மருந்து வால்ப்ரோயேட்டாக இருந்தால் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 10 பேருக்குப் பெரிய உறுப்புக் குறைபாடு. ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின் என்றால் 6 பேருக்குச் சற்று மேல். லாமோட்ரிஜின், லெவெடிரசிட்டாம் என்றால் 3 பேருக்கும் குறைவு. எந்த மருந்தும் உட்கொள்ளாத தாய்மாரிடமும் ஏறத்தாழ இதே அளவுதான். வால்ப்ரோயேட்டின் அளவு நாளொன்றுக்கு 1,450 மில்லிகிராமைத் தாண்டினால் நான்கு குழந்தைகளில் ஒன்று. இவை உடற்குறைகள் மட்டும். வால்ப்ரோயேட்டின் பிடியில் வளர்ந்த குழந்தைகளில் 100-க்கு 30 முதல் 40 பேர் வரை பேச்சிலோ கற்றலிலோ நடத்தையிலோ பின்தங்குகிறார்கள் என்பது ஐரோப்பிய மருந்து முகமையே ஏற்றுக்கொண்ட கணக்கு.

ஃபெனிடாயினுக்கும் லெவெடிரசிட்டாமுக்கும் உள்ள இடைவெளியை மருத்துவப் புள்ளிவிவரமாக மட்டும் வாசகர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய மாத்திரை மலிவு. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் பெண்ணுக்குப் பழையதும், தனியார் நரம்பியல் நிபுணரிடம் கட்டணம் கட்டி உட்காரும் பெண்ணுக்குப் புதியதும் கிடைக்கும் என்றால், எந்தக் கருவுக்கு எவ்வளவு ஆபத்து என்பதைக் குடும்பத்தின் வருமானம் தீர்மானிக்கிறது என்று பொருள்.

இதில் காலத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. கரு உருவான நான்காவது வாரம் முடியும்போது கை ஒரு மொட்டாக முளைக்கிறது. அதே சமயத்தில் முதுகுத்தண்டாக ஆக வேண்டிய நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. ஆறாவது வாரத்தில் விரல்களுக்கான வரிகள் தோன்றி, எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. பத்தாவது வாரத்தையொட்டி நகத்துக்கான இடம் உருவாகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று பெண் ஐயப்பட்டு, வீட்டில் சொல்லி, கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்து எண் வாங்குவதற்குள் இதில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். 12 வாரத்துக்குள் பதிவு செய்வதை நம் சுகாதாரத் துறை ஒரு சாதனையாகக் கருதுகிறது. வேறு பல காரணங்களுக்காக அது சாதனைதான். வலிப்பு மருந்து உட்கொள்ளும் பெண்ணுக்கோ அது காலங்கடந்த சந்திப்பு. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத் திருமணத்துக்கு முன்பே, குறைந்தது கருத்தரிக்கும் முன்பே சொல்லியாக வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையும் அப்போதே தொடங்க வேண்டும்.

நடப்பது என்ன? பதினாறு வயதில் வலிப்பு வந்த பெண்ணுக்கு ஒரு மருந்து எழுதப்படுகிறது. மாதந்தோறும் அவளோ அவளுக்காகத் தந்தையோ ஓ.பி. சீட்டோடு வந்து நிற்கிறார்கள். கூட்டம் நெரியும் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் சீட்டில் சி.எஸ்.டி. என்று மூன்றெழுத்தை எழுதுகிறார். அதே மருந்தைத் தொடரவும் என்பது அதன் பொருள். அந்த மூன்றெழுத்து பதினேழிலும் இருபதிலும் இருபத்து நான்கிலும் அவள் சீட்டில் ஏறுகிறது. இடையில் அவள் பள்ளி முடித்தாள், வேலைக்குப் போனாள், கழுத்தில் தாலி ஏறியது. மாறாதது மாத்திரை ஒன்றுதான். அவளுக்கு எப்போது திருமணம் என்று அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை. மாத்திரை அவள் கைக்கு வருவது காகித உறையிலோ, அட்டையிலிருந்து வெட்டிய துண்டிலோ. எச்சரிக்கை அச்சிட்ட தாள் நிறுவனத்தின் பெட்டியோடு கடையிலேயே நின்றுவிடுகிறது. வந்தாலும் அது அவளுக்கு வாசிக்க வராத மொழியில், எறும்பு எழுத்தில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமாசெபின் ஆகியவை கல்லீரலைத் தூண்டிக் கருத்தடை மாத்திரையை உடலிலிருந்து விரைவில் வெளியேற்றச் செய்பவை. கருத்தடை மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினாலும் அது பலிக்காமல் போகலாம். ஒரே சுகாதார நிலையத்தின் ஒரு சாளரத்தில் வலிப்பு மாத்திரையும் மறு சாளரத்தில் கருத்தடை மாத்திரையும் வாங்கிச் செல்லும் பெண்ணுக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று சொல்ல எந்தச் சாளரத்துக்கும் பொறுப்பு ஒதுக்கப்படவில்லை. எதிர்பாராத கர்ப்பம், அதுவும் ஆபத்தான மருந்தின் நடுவில். இதைவிடத் தெளிவான நிர்வாகத் தோல்வியைக் காட்ட நம்மிடம் வேறு உதாரணம் இல்லை.

குழந்தை பிறந்த பிறகு பழி போய்ச் சேரும் இடம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. கிரகண நேரத்தில் அரிவாள்மணையைத் தொட்டிருப்பாள், கத்தி எடுத்துக் காய் நறுக்கியிருப்பாள், அதுதான் விரல் இப்படி என்று மாமியார் வீட்டில் தீர்ப்பு எழுதப்படும். மூளியான உதட்டுக்கும் குறைப்பட்ட விரலுக்கும் கிரகணத்தைக் காரணம் காட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் அழியவில்லை. படித்த வீடுகளில் கிரகணத்தின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்கிறது: நோயை மறைத்துக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு. இரண்டிலும் கூண்டில் நிற்பவள் ஒருத்திதான். மருந்தை அனுமதித்தவர், தயாரித்தவர், எழுதியவர், விற்றவர் என்று யாரும் அந்தக் கூண்டுக்கு அழைக்கப்படுவதில்லை.

நோயை மறைத்ததாகச் சொல்கிறார்களே, மறைக்க வைத்தது யார்? 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்து திருமணச் சட்டம், மீண்டும் மீண்டும் வரும் பைத்தியத்தோடு வலிப்பையும் ஒரே வரியில் சேர்த்து, அவற்றைத் திருமணத் தகுதிக்கு எதிரானவையாக வைத்திருந்தது. மருத்துவர்களும் வலிப்பு நோயாளிகளின் அமைப்புகளும் போராடிய பிறகு 1999-இன் இறுதியில்தான் அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீங்கியது. சட்டத்திலிருந்து நீங்கியது பெண் பார்க்க வருகிறவர்களின் மனத்திலிருந்து நீங்கவில்லை. எனவே மாத்திரை அட்டை புடவை மடிப்புக்குள் போகிறது. கணவனுக்குத் தெரியாமல் விழுங்கும் மருந்தைப் பற்றிக் கணவனோடு வந்து மருத்துவரிடம் கேட்பது எப்படி? கர்ப்பப் பதிவின்போது வேறு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா என்று செவிலியர் கேட்கும் கேள்விக்கு, மாமியார் பக்கத்தில் நிற்கையில் என்ன பதில் வரும்? சமூகம் தன் பங்குக்கு இந்தக் குற்றத்தில் கூட்டாளி. இதைப் படிக்கும் குடும்பங்களில், வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிய குடும்பங்களும் இருக்கும்.

பொறுப்பை இப்படி எல்லோர் தலையிலும் சமமாகப் பிரித்துப் போட்டுவிட்டு நகர்வது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. அறியாமையால் தவறியவரும் அறிந்தே வாய்மூடியவரும் ஒரே தட்டில் நிற்க முடியாது. அறிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஐரோப்பாவின் பதிவுகள் இருக்கின்றன. 1973-இல் சோடியம் வால்ப்ரோயேட்டுக்கு அனுமதி தருவது பற்றி ஆராய்ந்த பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழுவுக்கு, விலங்குச் சோதனைகளில் கரு பாதிக்கப்பட்ட செய்தி தெரியும். மருத்துவர்களுக்கு மட்டும் தெரிவித்தால் போதும், நோயாளியின் கைக்குப் போகும் தாளில் வேண்டாம், பெண்கள் வீணாகக் கவலைப்படுவார்கள் என்பது அங்கே எடுக்கப்பட்ட முடிவு. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தக் காகிதங்களை வெளியே எடுத்தவர்கள், மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் குடும்பங்களுக்காகப் போராடியவர்கள். கவலையிலிருந்து தாய்மாரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் குழந்தைகளைக் காவு கொடுத்த அந்த முடிவை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்ல எண்ணம் இந்த வழக்கில் எந்தத் தண்டனையையும் குறைக்காது. ஒரு பெண்ணின் உடலில் என்ன நடக்கிறது என்பதை அவளைவிடத் தாமே அறிந்திருப்பது போதும் என்று ஓர் அறையில் கூடிய நிபுணர்கள் முடிவு செய்ததே அங்கே நடந்த அநீதி.

பிரான்சில் அந்த மருந்து 1967 முதல் விற்பனையில் இருக்கிறது. முதுகுத்தண்டுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1982-இலேயே அங்கிருந்துதான் வெளியானது. ஆனாலும் நாடு விழித்துக்கொள்ள, 2011-இல் ஒரு தாய் தொடங்கிய சங்கம் வேண்டியிருந்தது. 1967-க்கும் 2016-க்கும் இடையில் 2,150 முதல் 4,100 வரையிலான குழந்தைகள் பெரிய உறுப்புக் குறையோடு பிறந்திருக்கலாம் என்று பிரெஞ்சு அரசின் அமைப்புகளே பிற்பாடு மதிப்பிட்டன. இழப்பீட்டு நிதி ஒன்று சட்டத்தின் வழியே உருவானது. 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், ஆபத்தைக் கண்காணிப்பதிலும் தெரிவிப்பதிலும் மருந்தைத் தயாரித்த சனோஃபி நிறுவனம் தவறியது என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. பிரிட்டனில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு 2020-இல் தந்த அறிக்கை, பெண்கள் ஆண்டுக்கணக்கில் சொன்னதை மருத்துவ அமைப்பு காதில் வாங்கவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது. 2024-இல் அந்நாட்டின் நோயாளர் பாதுகாப்பு ஆணையர், வால்ப்ரோயேட்டால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதற்கட்டமாக 1 லட்சம் பவுண்டு தரப் பரிந்துரைத்தார். அங்கே கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்தை எழுத வேண்டுமானால், ஆபத்தை விளக்கிக் கையெழுத்து வாங்கி ஆண்டுதோறும் மறுஆய்வு செய்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2023 மே மாதத்தில், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இதை எழுத வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நமக்கு எழும் முதல் எண்ணம், அங்கே எண்ணியாவது பார்த்தார்கள் என்பது. தாலிடோமைடின் கதை 1961-இலேயே உலகை உலுக்கியது. தாய் விழுங்கும் மாத்திரை சேயின் கைகால்களைத் தின்றுவிடும் என்ற உண்மை அதற்குப் பிறகு எந்த மருத்துவக் கல்லூரி மாணவருக்கும் புதிதல்ல. அப்படியிருக்க, வலிப்பு மருந்தின் நடுவே பிறந்த குழந்தைகள் தமிழ்நாட்டில் எத்தனை, அவர்களில் எத்தனை பேரிடம் குறை என்று கேட்டால் மேசை மேல் எடுத்து வைக்க ஒரு மாநிலப் பதிவேடு வேண்டாமா? பிறவிக் குறைகளைத் தேடிப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் குறைகளாக ஒன்பது இருக்கின்றன. பிளவுற்ற உதடு உண்டு, வளைபாதம் உண்டு, இதயக் குறை உண்டு. குன்றிய விரலும் இல்லாத நகமும் இல்லை. சிகிச்சை தேவைப்படும் குறைகளை முன்னிறுத்தியது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் தடயத்தைப் பதிவு செய்யாத விசாரணை எங்கே போய் முடியும்?

அண்டை மாநிலம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1998-இல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கான கேரளப் பதிவேடு தொடங்கியது. கருத்தரிக்கும் முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ பெண்களைச் சேர்த்து, மருந்தைச் சீராக்கி, பிறக்கும் குழந்தையைப் பரிசோதித்து, வளர வளர அதன் அறிவு வளர்ச்சியையும் கவனிக்கிறார்கள். வால்ப்ரோயேட்டின் ஆபத்து மலையாளக் குழந்தைகளிடமும் வேறு விதமாக இல்லை என்பது அவர்களின் முடிவு. நம் எல்லைக்கு ஒரு பகல் பயணத்தில் இருக்கும் நிலையம் இது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுத்துப் பெயர் வாங்கிய அரசுக்கு, இதைப் பார்த்துச் செய்யப் பணம் இல்லை என்று சொல்ல வாய் வராது.

மருத்துவர்கள் சொல்லும் ஒரு சமாதானத்துக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். ஆபத்தைச் சொன்னால் பெண் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவாள், வலிப்பு வந்து தாயும் சேயும் போய்விடுவார்கள் என்கிறார்கள். அந்த அச்சம் பொய்யானதல்ல. கர்ப்ப காலத்தில் மருந்தைத் திடீரென்று விட்டதால் வலிப்பு முற்றி உயிரிழந்த பெண்கள் உண்டு. அதனால் நாமும் இங்கே அழுத்திச் சொல்கிறோம்: இதைப் படிக்கும் எந்தப் பெண்ணும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது, வலிப்புள்ள தாய்மாரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது, மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் வழிகள் இருக்கின்றன, அதற்குக் கருத்தரிக்கும் முன் சில மாதங்கள் வேண்டும். இதைச் சொல்ல நமக்கு ஒரு பத்தி போதுமாயிருக்கிறது. ஓ.பி. மேசையில் இரண்டு நிமிடம் போதும். சொன்னால் பயப்படுவாள் என்பது சொல்லும் விதத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியவரின் குறை. அதைக் கேட்பவளின் உரிமைக்கு எதிராக வைத்து வாதாடுவது 1973-ஆம் ஆண்டு அறையின் எதிரொலி.

வலிப்பு மருந்துகளோடு இந்தப் பிரச்சினை நின்றுவிடுவதும் இல்லை. இதய வால்வு மாற்றிக்கொண்ட இளம்பெண்கள் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளும் வார்ஃபரின், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் மூக்கெலும்பையும் விரல்களையும் குன்றச் செய்யக்கூடியது. கருவைக் கலைக்க மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மிசோப்ரோஸ்டால், கலைக்காமல் போகும்போது கைகால் குறையோடு குழந்தை பிறக்கக் காரணமாவதைப் பிரேசில் மருத்துவர்கள் 1990-களிலேயே காட்டிவிட்டார்கள். அந்த அட்டையை யாருக்கும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரும் நாம் சொல்லும் குற்றப் பட்டியலில் இருக்கிறார்.

ஆயினும் பட்டியலின் தலைப்பில் அவர் இல்லை. முதல் பொறுப்பு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுடையது. அட்டையின் பின்புறத்தில், வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் எஞ்சும்படி, கர்ப்பிணிக்கான எச்சரிக்கைப் படம் அச்சிடப்பட வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவரும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். சிகரெட் அட்டையில் முடிந்தது மாத்திரை அட்டையில் முடியாது என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. நிறுவனங்களுக்கு இரண்டாவது இடம்: ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு ஒரு எச்சரிக்கை, இந்தியப் பெண்ணுக்கு மௌனம் என்று அவர்கள் நடந்துகொண்டால் அதற்குப் பெயர் வியாபாரம் அல்ல. மூன்றாவதாக, சி.எஸ்.டி. எழுதும் பேனா. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணின் வலிப்புச் சீட்டிலும் அந்த மூன்றெழுத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது நின்று, திருமணம், குழந்தை, கருத்தடை பற்றிய கேள்விக்கு இடம் விட வேண்டும்; அவளிடம் தனியாக, உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதும் சொன்னதும் சீட்டில் பதிவாக வேண்டும். பதிவில்லாத அறிவுரை வழங்கப்படாத அறிவுரை என்றே தணிக்கையில் கொள்ளப்பட வேண்டும்.

மாநில அரசு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். ஆபத்துக் குறைந்த மருந்துகள் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் அனைவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழி காட்டி வருகிறது, இதற்கு அதுவே போதும். கேரளத்தைப் போல ஒரு பதிவேடு வேண்டும். பிரசவ அறைப் பதிவில், விரல் பத்து என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் நகத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். வலிப்பு மருந்து உட்கொண்ட தாயின் குழந்தை என்றால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பாதிக்கப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை, இழப்பீடு என்ற சொல்லை உச்சரிக்கவே இங்கே ஆள் இல்லை. பிரெஞ்சுத் தாய்க்கு விண்ணப்பம் வாங்க ஓர் அலுவலகமாவது இருக்கிறது. பேச்சு வராமல், பள்ளியில் சேராமல், சிறப்புப் பயிற்சிக்கு மாதம் முழுவதும் பேருந்தில் அலையும் குழந்தையின் தாய் இங்கே யாரிடம் போய்ச் சீட்டைக் காட்டுவாள்? மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து, கர்ப்ப கால மருந்தால் வந்த பாதிப்பைத் தனி வகையாக ஏற்று, பழைய ஓ.பி. சீட்டையே ஆதாரமாகக் கொண்டு விசாரிக்கும் ஒரு குழுவை அமைக்க வேண்டும். மருந்து எழுதிய நாளையும், எச்சரிக்கை சொன்னதாக எழுதப்படாத பக்கத்தையும் அந்தச் சீட்டே காட்டும். நிரூபிக்கும் சுமை தாயின் மேல் விழக் கூடாது. சொன்னோம் என்று காட்ட வேண்டியவர்கள் மருந்தைக் கொடுத்தவர்கள்.